ஆச்சிக்குத் தெரியாத பாட்டு



இந்த மாதம் ஒரு கடிதத்தைக் குறித்து உங்களிடம் மனம் திறந்து பேச விரும்புகிறேன். மூன்று வாரமாக அது என் மேஜையில் வேதாகமத்துக்கு அடியில் கிடக்கிறது. நம் சபையின் மூத்த விசுவாசிகள் பதினோரு பேர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாவது இடம் எனக்கென்று காலியாக விடப்பட்டிருக்கிறது. விஷயம் இதுதான்: ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸ் கூடாது, மேடையில் கலர் லைட் கூடாது, வாலிபர்கள் கொண்டுவருகிற பாப் பாட்டுகளை நிறுத்திவிட்டு முன்போல நல்ல பழைய பாட்டுகளைப் பாட வேண்டும். "உலகம் சபைக்குள் வந்துவிட்டது" என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட சகோதரர்களிடமும் பாஸ்டரய்யாவிடமும் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். யாரையும் மறைவில் குத்துவது என் நோக்கம் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட எனக்கு ஆசைதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே வரியைப் பதினாறு தரம் பாடினார்கள். எண்ணினேன். (ஆராதனையில் நின்றுகொண்டு எண்ணிக்கொண்டிருந்தவன் என்னத்தை ஆராதித்தான் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நியாயம்தான்.) பைபாஸ் ஆபரேஷன் செய்த நெஞ்சு எனக்கு. அந்த டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் தையல் போட்ட இடத்தில் வந்து விழுகிற மாதிரி இருக்கிறது. பாதிப் பாட்டு தமிழ், கால்வாசி இங்கிலீஷ், மீதி ஹிந்தி. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்தேன்.

பேனாவைத் திறந்தவுடனே ஒரு காரியம் என் கையைப் பிடித்துக்கொண்டது.

1993இல் இதே சபையில் இதே வாசகத்தோடு ஒரு கடிதம் வந்தது. அன்றைக்கும் "உலகம் சபைக்குள் வந்துவிட்டது" என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் என்னைக் குறித்து எழுதப்பட்டது!

இப்போதுள்ள வாலிபர்களுக்கு அந்த நாட்கள் தெரியாது. அப்போது நமக்கு இருந்ததெல்லாம் ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக், சகோதரிகள் கையில் இரண்டு டாம்பரின், மற்றபடி கைத்தட்டல். 1992இல் ரோஜா படம் வந்தது. ஏ.ஆர். ரகுமானுடைய அந்த சத்தம் டீக்கடை, பஸ், கல்யாண வீடு என்று எங்கும் ஒலித்தது. நாங்கள் படம் பார்க்கிறவர்கள் இல்லை. ஆனால் காதை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? ஊருக்கே காது மாறிப்போனது, எங்களுக்கும் மாறிப்போனது. வளைகுடாவில் வேலை பார்த்த ஓர் அண்ணன் லீவில் வரும்போது இங்கிலீஷ் ஆராதனைக் கேசட்டுகள் கொண்டுவந்தார். இங்கே ஃபாதர் பெர்க்மான்ஸ் அவர்களுடைய ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் தொகுதி தொகுதியாக வர ஆரம்பித்தது. நான் வட்டிக்குக் கடன் வாங்கி ஒரு யமஹா கீபோர்டு வாங்கினேன். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் தாளம் தானாக ஓடும். முதல் ஞாயிறு அந்தத் தாளம் ஓடினபோது பின்வரிசையில் இருந்த ஒரு ஐயா எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பிரசங்கம் ஆரம்பித்த பிறகுதான் உள்ளே வந்தார்.

அந்தக் கடிதத்துக்கு நான் மேடையிலேயே பதில் சொன்னேன். "மார்ட்டின் லூத்தரே சாராயக்கடை ராகத்தை எடுத்துத்தானே பாட்டு எழுதினார்?" என்று கேட்டேன். வாலிபர்கள் எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பல வருஷம் கழித்துத்தான் அது தப்பான செய்தி என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெர்மன் பாட்டுகளில் முதல் பகுதியை இரண்டு தரம் பாடி, பிறகு வேறொரு பகுதியைப் பாடுகிற ஒரு அமைப்புக்கு "பார்" என்று பெயராம். யாரோ அதைக் குடிக்கிற பார் என்று நினைத்துக்கொண்டார்கள் என்கிறார்கள். லூத்தர் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஜனங்கள் தெருவில் பாடின மெட்டை எடுத்தது மெய்தான். அது 1535இல். ஆனால் 1539இல் அதே பாட்டுக்கு வேறு ராகம் போட்டுவிட்டார். அவருக்கு எடுக்கவும் தெரிந்திருக்கிறது, விடவும் தெரிந்திருக்கிறது. எனக்கு எடுக்க மாத்திரம்தான் தெரிந்திருந்தது.

இருந்தாலும், உலகம் சபைக்குள் வந்துவிட்டது என்கிற அந்த வாதம் எனக்கு அன்றைக்கும் பலமாகத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. நம்முடைய பெந்தெகொஸ்தே சரித்திரத்தையே பாருங்கள். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் அசூசா தெருவில் எழுப்புதல் பற்றி எரிந்தபோது, தொடக்கத்தில் அங்கே வாத்தியமே கிடையாது, பாட்டுப்புஸ்தகமும் கிடையாது என்று, நேரில் இருந்த பிராங்க் பார்ட்டில்மேன் எழுதி வைத்திருக்கிறார். ஆக, ஆதி நாட்களின்படிதான் செய்ய வேண்டுமென்றால் ஆர்மோனியமும் போக வேண்டும், டாம்பரினும் போக வேண்டும், நாம் மார்போடு அணைத்து வைத்திருக்கிற பாட்டுப்புஸ்தகமும் போக வேண்டும். கையெழுத்துப் போட்ட சகோதரர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா?

அதே அமெரிக்காவில் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்று ஒரு சகோதரி இருந்தார். 1915இல் பிறந்தவர். தாயார் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் சுவிசேஷகி. பிள்ளைப் பிராயத்திலிருந்தே சபையில் கிட்டார் வாசித்தவர். 1938இல் நியூயார்க்கில் இசைத்தட்டுக்குப் பாடினார். இரவு விடுதி மேடையிலும் அதே பாட்டுகளைப் பாடினார். சபை ஜனங்கள் மனம் நொந்துபோனார்கள். இன்றைக்கு ராக் இசைக்கே அந்த சகோதரியின் கிட்டார்தான் முன்னோடி என்று உலகம் சொல்கிறது. அப்படியானால் யார் யாரிடமிருந்து எடுத்தது? நாம் உலகத்திலிருந்து திருடினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகம் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போனதும் உண்டு.

ஜிம்மி ஸ்வாகர்ட் அவர்களை நம்மில் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1987இல் அவர் கிறிஸ்தவ ராக் இசைக்கு விரோதமாக ஒரு புஸ்தகமே எழுதினார். ராக் பாடகர் ஜெரி லீ லூயிஸ் அவருக்குச் சொந்தக்காரர். இரண்டு பேரும் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பியானோவையும் கேளுங்கள். எனக்குக் கண்டுபிடிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நம் தமிழ் நாட்டுக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகள் ஜெர்மன் ராகத்தில் தமிழ் வார்த்தைகளைப் போட்டுத்தான் பாட வைத்தார்கள். பிறகு திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் நம்முடைய ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகள் பாடினார். குறவஞ்சிகூட பாடினார்! 1853இல் மதுரையில் இருந்த எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி அவருடைய கீர்த்தனைகளைச் சேர்த்து அச்சில் கொண்டுவந்தார். என் பாட்டிக்கு அந்தக் கீர்த்தனைகள்தான் ஆதிமுதல் இருந்த பாட்டு. மோசேயே பாடியிருப்பார் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. அதுவும் ஒரு காலத்தில் புதுப்பாட்டுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்கு வருத்தமாக இருந்தாலும். டிரம்ஸ் மாம்சத்தைத் தூண்டும் என்கிறோம். மிருதங்கத்தைப் பற்றி அப்படிச் சொன்னோமா? தபேலாவைப் பற்றிச் சொன்னோமா? பறையைப் பற்றி மாத்திரம் சொன்னோம். பல சபைகளின் வாசலுக்குள் பறை வர முடியாமல் போனதற்குப் பரிசுத்தம் காரணமா, அதை அடிக்கிறவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பது காரணமா? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியோப்பிலஸ் அப்பாவு ஐயா, கிராமத்து ஏழை ஜனங்களுடைய மெட்டிலும் அவர்களுடைய பேச்சிலும் பாட்டுகள் கட்டி, இந்தக் கேள்வியை வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய உபதேசம் எல்லாவற்றோடும் எனக்கு ஒத்துப்போகாது. இந்தக் கேள்விக்கு மாத்திரம் என்னிடத்தில் பதில் இல்லை. நான் "இது தேவனுக்குப் பிரியமில்லாத சத்தம்" என்று சொல்லும்போது, அது தேவனுக்குப் பிரியமில்லையா, எனக்குப் பழக்கமில்லையா? என் ருசியைத் தூக்கி அவருடைய வாயில் வைக்கிறேனோ?

அப்படியானால் வாலிபர்கள் சொல்வது சரியா? அவசரப்படாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அவர்கள் சொல்வதையே சொன்னவன். "வாலிபர்களைப் பிடிக்கணும்னா அவங்க கேக்குற மியூசிக் கொடுக்கணும் பாஸ்டர்." இதுதான் அன்றைய பேச்சு, இதுதான் இன்றைய பேச்சு. இந்த வழி எங்கே கொண்டுபோகும் என்பதையும் அமெரிக்காவிலேயே பார்க்கலாம். எழுபதுகளில் கலிபோர்னியாவில் ஹிப்பி வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக இரட்சிக்கப்பட்டு, கையில் கிட்டாரோடு சபைக்குள் வந்தார்கள். 1971இல் மரநாதா மியூசிக் ஆரம்பமானது. அதற்கு முன்பே, 1969இல், லாரி நார்மன் ஒரு பெரிய கம்பெனி மூலமாக ராக் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். அதில் அனல் இருந்தது, நான் மறுக்கவில்லை. இருபது வருஷத்தில் அது பெரிய வியாபாரமாகிவிட்டது. 1991இல் ஏமி கிராண்ட் என்ற கிறிஸ்தவப் பாடகியின் பாட்டு அமெரிக்காவின் பொதுவான பாட்டு வரிசையிலேயே முதலிடத்துக்கு வந்தது. தன் கைக்குழந்தையைப் பார்த்து எழுதின பாட்டு அது. ஒரு தாய் பிள்ளையைப் பாடினதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் பிடித்த அந்தப் பாட்டில் இயேசுவின் நாமம் இல்லை. "உலகத்தைப் பிடித்துவிட்டோம்" என்று ஒரு கூட்டமும், "உலகம் நம்மைப் பிடித்துவிட்டது" என்று ஒரு கூட்டமும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கீத் கிரீன் என்று ஒரு தம்பி இருந்தார். 1980இல் தன் இசைத்தட்டை, உங்களால் முடிந்ததைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று விலை குறிக்காமல் கொடுத்தார். 1982இல் விமான விபத்தில் மரித்தபோது அவருக்கு 28 வயது. அவர் வாசித்த பியானோவும் பாப் பியானோதான். ஆகவே பாப் என்கிற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ருசி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது. இப்போது இன்னும் சீக்கிரம். செல்போனில் விரலால் தள்ளத் தள்ள மாறுகிறது. அதன் பின்னாலேயே ஓடுகிறவனுக்கு நிற்க ஒரு இடம் கிடைக்காது. இதை என் சொந்த ஜீவியத்தில் ஒரு தாயார் மூலமாகக் கற்றுக்கொண்டேன். அவர்களைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். சுற்றிவளைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

பழைய விசுவாசிகளுக்கு அந்த ஆச்சியை ஞாபகம் இருக்கும். பெயர் எழுதவில்லை. விதவை. சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிப் பிழைத்தவர்கள். (விசுவாசி பீடி சுற்றலாமா என்று அந்த நாளில் சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவரும் ஆச்சி வீட்டுக்கு அரிசி கொண்டுபோகவில்லை.) ஆச்சிக்கு எழுத்து வாசனை கிடையாது. வேதாகமம் வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், திறக்க மாட்டார்கள். ஆனால் சாட்சி சொல்ல எழுந்தால் வசனம் வசனமாக வரும். எந்த அதிகாரம் என்று கேட்டால் தெரியாது. எந்தப் பாட்டில் எந்தச் சரணம் என்று தெரியும். பாட்டுப்புஸ்தகத்தில் நாற்பது ஐம்பது பாட்டு முழுசாக மனப்பாடம். சாராள் நவரோஜி அம்மாவின் பாட்டுகள் என்றால் உயிர். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டிக்கொண்டே பாடுவார்கள். அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்களெல்லாம் சுவிசேஷம் கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

நான் கீபோர்டு கொண்டுவந்த இரண்டு வருஷத்தில், புஸ்தகப் பாட்டுகள் இராப்போஜன ஆராதனைக்கு மாத்திரம் என்று ஆகிவிட்டது. மாதம் நான்கு புதுப்பாட்டு. கேசட் வந்தவுடன் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும், பக்கத்து சபைக்கு முந்தி நாம் பாடிவிட வேண்டும். அதில் எனக்கு ஒரு பெருமை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆச்சி கிட்டே வந்தார்கள்.

"எய்யா, புதுப்பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஒரு வரியைப் புடிக்கதுக்குள்ள அடுத்த வாரம் அது போயிருதே. நான் எதைப் பாடிக்கிட்டு சுத்துவேன்?"

நான் சிரித்துக்கொண்டே, "பழகிரும் ஆச்சி. ஒரு கேசட் வாங்கிப் போட்டுக் கேளுங்க" என்றேன்.

ஆச்சி வீட்டில் டேப்ரெக்கார்டர் கிடையாது. ஒரு கேசட் வாங்க ஒரு நாளுக்கு மேலே பீடி சுற்ற வேண்டும். அது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆச்சி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஓரமாக நின்று கைத்தட்டுவார்கள். வாய் அசையாது. நான் மேடையிலிருந்து பார்ப்பேன். ஆச்சிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

1997இல் ஆச்சி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். டாக்டர் கை விரித்துவிட்டார். பாஸ்டரய்யா வெளியூர் கூட்டத்துக்குப் போயிருந்தபடியால் நானும் இரண்டு வாலிபர்களும் ஜெபிக்கப் போனோம். பொது வார்டு. எதிரும் புதிருமாகக் கட்டில்கள். கிட்டார் கொண்டுபோயிருந்தேன். ஜெபித்து முடித்தவுடன் ஆச்சி, "ஒரு பாட்டுப் பாடுங்கய்யா" என்று சொல்லி, முதல் அடியைத் தானே எடுத்துக் கொடுத்தார்கள். மூச்சு வாங்கியதால் அதற்கு மேல் முடியவில்லை.

எனக்கு அந்தப் பாட்டு பல்லவி தெரியும். முதல் சரணம் தெரியும். இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டேன். கூட வந்த வாலிபர்களுக்குப் பல்லவியும் தெரியாது. நாங்கள் தெரியாமற்போக விட்டுவிட்டோம். சமாளிப்பதற்காக, அப்போது சபையில் பிரபலமாக இருந்த ஒரு புதுப்பாட்டைக் கிட்டாரில் வாசித்துப் பாடினேன். ஆச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபம் இல்லை. பிள்ளை ஏதோ பாடுகிறான் என்று பார்க்கிற பார்வை. எனக்குப் பாதியில் குரல் போய்விட்டது.

ஒரே சபையில் நான்கு வருஷம் ஒன்றாக ஆராதித்தோம். ஒரே அப்பத்தில் பங்கு பெற்றோம். சாகிற நேரத்தில் இரண்டு பேருக்கும் பொதுவாக முழுசாகத் தெரிந்த ஒரு பாட்டு இல்லை.

எதிர்க் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார்கள். நம் சபை அல்ல, நம்முடைய ஐக்கியமும் அல்ல. ஆச்சி எடுத்துக்கொடுத்த பாட்டை, விட்ட இடத்திலிருந்து கடைசிச் சரணம் வரைக்கும் மெதுவாகப் பாடினார்கள். ஆச்சியின் உதடு அசைந்தது. கிட்டார் என் மடியில் இருந்தது. ஐந்து நாள் கழித்து ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்க் கீபோர்டை உடைத்துவிட்டேன் என்று எழுதினால் நல்ல சாட்சியாக இருக்கும். அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஞாயிறும் வாசித்தேன். நான் பாடின புதுப்பாட்டுகள் பாவம் என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. எத்தனையோ பேர் அவற்றால் தொடப்பட்டார்கள். ஒரு விசேஷம் சொல்கிறேன், கேளுங்கள். என் மேஜையில் இருக்கிற இந்தக் கடிதத்தில், "இவைபோன்ற நல்ல பழைய பாட்டுகளைப் பாட வேண்டும்" என்று பத்துப் பாட்டுகளைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஆறு பாட்டு, 1993க்குப் பிறகு நான் கேசட்டிலிருந்து கொண்டுவந்து திட்டு வாங்கின பாட்டு! திட்டினவர்களில் இரண்டு பேர் இப்போது கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. முப்பது வருஷம் பாடிப் பாடி அந்தப் பாட்டுகள் அவர்களுடைய சொந்தமாகிவிட்டன. ஆச்சிக்கு நான் கொடுக்காமற்போனது அந்த முப்பது வருஷத்தைத்தான். முப்பது வாரம்கூடக் கொடுக்கவில்லை.

ரோமர் 14, 15ஆம் அதிகாரங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். சாப்பாட்டு விஷயத்தில் சபையில் சண்டை. பவுல் அப்போஸ்தலன் ஒரு சாராரைப் பார்த்து, உன் நம்பிக்கை சரிதான் என்று ஏறக்குறைய சொல்லியே விடுகிறார். சொல்லிவிட்டு, பலமுள்ளவன் தன் பிரியத்தின்படி நடக்காமல் பலவீனனைத் தாங்க வேண்டும் என்கிறார். நான் பல வருஷம் இதை வாசித்தும், இங்கே பலமுள்ளவன் யார் என்று கேட்டதில்லை. 1995இல் மைக் என் கையில் இருந்தது. அப்போது பலமுள்ளவன் நான். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியின் வேதாகமம் அந்தப் பாட்டுகள். நான் ராகத்தை மாற்றவில்லை, ஒரு விதவையின் கையிலிருந்த வேதத்தைப் பக்கம் பக்கமாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு யார் பலமுள்ளவன்? மைக் வாலிபர்கள் கையில் இருக்கிறது, அது மெய்தான். ஆனால் கமிட்டி எங்கள் கையில். ஆலயச் சாவி எங்கள் கையில். பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தால் டிரம்ஸ் திங்கட்கிழமை காலையில் மூட்டையாகிவிடும், எங்களுக்குத் தெரியும். அந்த டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்குப் பதினாறு வயது. அவன் வீட்டு நிலைமையை இங்கே எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஏழு நாளில் அவனைப் பார்த்து "நல்லா செஞ்சடா" என்று ஒருவர் சொல்கிற இடம் இது ஒன்றுதான். குச்சியை வாங்கி வைத்துவிட்டு அவனை எங்கே அனுப்பப்போகிறோம்?

அதனால் கையெழுத்துப் போடாமல், போன சனிக்கிழமை சாயங்காலம் வாலிபர்கள் பயிற்சி செய்கிற நேரத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தவுடன் சத்தம் பாதியானது. வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, இந்தப் பாட்டை ஏன் இவ்வளவு மேலே பாடுறீங்க? என்னாலயும் எட்ட முடியல, உங்க அம்மாவாலயும் எட்ட முடியல."

பாட்டு நடத்துகிற தம்பி, "அங்கிள், ஒரிஜினல் ஸ்கேல் அதுதான்" என்றான்.

"ஒரிஜினல் பாடினவரு ஞாயித்துக்கிழமை நம்ம சபைக்கு வர்றாரா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இப்போது வருகிற ஆராதனைப் பாட்டுகள் அநேகமாக உச்சக் குரல் உள்ளவர்கள் ஸ்டுடியோவில் பாடினவை. கீழே ஆரம்பித்து, பாதிக்கு மேல் ஒரேயடியாக மேல் ஸ்தாயிக்குத் தாவும். கேட்க நன்றாக இருக்கும். ஜனங்கள் கூடப் பாட முடியாது. மேடை பாடும், சபை பார்க்கும். நாங்களோ இதை "உலகம்" என்றும் "மாம்சம்" என்றும் பெரிய பெரிய வார்த்தை சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ரெண்டு கட்டை இறக்கிப் பாருங்கள் என்றேன். கீபோர்டு தம்பி ஒரு பட்டனை அமுக்கினான். அவ்வளவுதான். பாட்டு நடத்துகிற தம்பியின் அம்மா ஆலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாற்றோடு அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

1 கொரிந்தியர் 14இல் ஆவியோடும் பாட வேண்டும், கருத்தோடும் பாட வேண்டும் என்று இருக்கிறது. அதைச் சொல்லி, ஒரு மாதத்துக்கு ஒரு புதுப்பாட்டு போதும், அதை நான்கு ஞாயிறும் பாடுங்கள், ஒரு சரணம் வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கரண்டு போனாலும், ஸ்கிரீன் அணைந்தாலும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாலும் வாயில் வர வேண்டுமே. முதல் இரண்டுக்கும் சரி என்றார்கள். வாத்தியத்தை நிறுத்துவதற்கு டிரம்ஸ் தம்பி முகம் வாடினான். பதிலுக்கு நான் என்ன கொடுப்பேன் என்று கேட்டார்கள், நியாயம்தானே. பதிலுக்கு அவர்கள் கொண்டுவருகிற ஒரு பாட்டை நான் மனப்பாடம் செய்ய வேண்டும், எண்ணாமல் பாட வேண்டும் என்று முடிவானது. பதினாறு தரம் எண்ணின கதையை நானே சொல்லிக் காட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பிறகு ஆச்சியின் பாட்டை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வார்டிலிருந்து திரும்பின வாரமே எல்லாச் சரணமும் மனப்பாடம் செய்திருந்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறது. டிரம்ஸ் தம்பி முதலில் தப்பான தாளம் போட்டான். பிறகு பிடித்துக்கொண்டான். குச்சியை வைத்துவிட்டு வெறுங்கையால் தட்டினான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர்கள் உற்சாகத்தில் இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

எஸ்றா 3ஆம் அதிகாரத்தின் கடைசியில் இப்படி ஒரு காட்சி வருகிறது. தேவாலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். பூரிகையும் கைத்தாளமும் முழங்குகிறது. முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்ட கிழவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள். மற்றவர்கள் சந்தோஷத்தால் ஆர்ப்பரிக்கிறார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று ஜனங்களுக்குப் பிரித்து அறிய முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. அழுதவர்களை ஒருவரும் கண்டித்ததாக அங்கே எழுதியில்லை, ஆர்ப்பரித்தவர்களை அடக்கினதாகவும் எழுதியில்லை.

வருகிற புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்தபின் இந்தக் கடிதத்தைச் சகோதரர்களிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். கையெழுத்து இல்லாமல்தான். அவர்களில் சிலர் என்மேல் வருத்தப்படுவார்கள். வருத்தப்படுகிறவர்கள் அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு என்னோடு வந்து ஒரு மணி நேரம் உட்காரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஆறு மணிக்கு ஆரம்பிப்பார்கள். டிரம்ஸ் சத்தம் இன்னும் அதிகமாகத்தான் இருக்கிறது. அதையும் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.